நாலு பத்துக்கு வருகிற பெயர்

பாண்டீஸ்வரன் தொலைபேசித் துறையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். உத்தமபாளையத்திலிருந்து குமுளி வரைக்கும் எந்த மழைக்கு எந்த இடத்தில் லைன் சாகும் என்று அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு கூடலூர் வீட்டையும், குமுளிக்கு அப்பால் மலையில் இருக்கும் ஏலத்தோட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையில் ஏலக்காய் உலர்த்தும் கட்டிடத்தை ஸ்டோர் என்பார்கள். உள்ளே சூடு கொஞ்சம் ஏறினாலும் காயின் பச்சை போய்விடும். அதனால் மகன் இனியன் ஸ்டோரில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்து, அதற்கும் கூடலூர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு டனல் போட்டுக் கொடுத்திருந்தான். வெளியாள் யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டுப் போட்ட வழி. சாவி உள்ளவர் மட்டும் போகலாம், வரலாம். பாண்டீஸ்வரனுக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. வீட்டுச் சமாச்சாரம் வீட்டுக்குள்ளேயே போய் வருவதில் ஒரு மரியாதை இருக்கிறது.

இனியன் இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. மூளைக்காய்ச்சல். மதுரை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தான்.

அந்த வாரம் மலையில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கு நெட் போவது புதிதல்ல. ஆனால் மழை விட்டு, மேலே நெட் திரும்பி, அதற்கப்புறமும் இரண்டு மணி நேரம் சூடு எவ்வளவு என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் தெரியவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, புதன்கிழமை நசீமுக்குப் போன் போட்டார்.

நசீம் கம்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். இனியனோடு காலேஜில் படித்தவன். இரண்டு குடும்பத்துக்கும் தாத்தா காலத்துப் பழக்கம். பாண்டீஸ்வரனை மாமா என்பான், அவர் மனைவி மகாலட்சுமியை அத்தை என்பான். மூன்று மணிக்கு வந்து, நனைந்த சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

"லைனைப் பாதியாப் பிரி மாப்ள," என்றார் பாண்டீஸ்வரன், பின்னால் நின்றபடி. "கோளாறு எந்தப் பாதியில இருக்குனு பாரு. அந்தப் பாதியை மறுபடி பாதியாப் பிரி."

"அதைத்தான் மாமா செய்யுறேன். நீங்க செத்த உக்காருங்க. பின்னால நின்னா எனக்கு எங்க ஹெட்மாஸ்டர் ஞாபகம் வருது."

"நிக்கிறதுல ஒனக்கு என்ன நட்டம்?"

நசீம் சிரித்துக்கொண்டு வேலையைப் பார்த்தான். மேலே ஸ்டோரில் இருக்கும் சுருளியாண்டிக்குப் போன் போட்டு நெட் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. ஸ்டோரின் கம்ப்யூட்டர் நிமிஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக் கம்ப்யூட்டரை வந்து தட்டிக்கொண்டுதான் இருந்தது.

"வாசல் வரைக்கும் வருது மாமா. சாவியும் சேருது. ஆனா அதுக்குனு ஒதுக்குன எடத்தைக் கேட்டா, அங்கன ஏற்கெனவே ஆள் இருக்குங்குது."

"யாரு இருக்கா?"

"அதேதான். காலையில மழைக்கு அத்துப்போச்சுல்ல, அது அத்தது இங்கன இருக்குற மெஷினுக்குத் தெரியாது. செத்துப்போன கனெக்சன் எடத்தைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. உசிரோட வர்றதை உள்ள விடமாட்டேங்குது."

சொல்லி முடித்த பிறகுதான் இந்த வீட்டில் என்ன வார்த்தை சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பாண்டீஸ்வரன் முகத்தில் எதையும் காட்டவில்லை. "அதை எடுத்து விடு," என்றார்.

எடுத்து விட்டதும் ஸ்டோர் வந்து சேர்ந்தது. சூடு நாற்பத்தாறு. இனிமேல் முப்பது செகண்டுக்கு ஒரு தடவை இருக்கிறாயா என்று கேட்கும்படியும், மூன்று தடவை பதில் வராவிட்டால் இடத்தைக் காலி செய்யும்படியும் நசீம் ஏற்பாடு செய்தான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே வந்து போனவர்களின் பதிவைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனவன், ஓரிடத்தில் நிறுத்தினான்.

"மாமா, ஒரு காப்பி கிடைக்குமா?"

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் காப்பி குடித்திருந்தான். பாண்டீஸ்வரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

நேற்று மாலை நாலு பத்து. இனியன். சாவி ஏற்கப்பட்டது. நாலு இருபத்திரண்டு. இனியன். வெளியேறினார்.

இங்கிலீஷ் எழுத்தில் சின்னதாக, மற்ற வரிகளைப் போலவே இருந்தது. அவர் இரண்டு தடவை படித்தார். முந்தாநாளும் நாலு பத்து. அதற்கு முதல் நாளும் நாலு பத்து.

"இன்னும் மேல போ."

"மாமா, இது வந்து..."

"போன்னேன்."

ஒரு வருஷத்துப் பதிவையும் அழிக்காமல் வைக்கும்படி இனியனே செய்திருந்தான். மாதம் மாதமாக மேலே போனார்கள். சித்திரையில் வந்திருந்தான். தைப்பொங்கல் அன்றும் வந்திருந்தான். அவன் உடம்பு வீட்டுக்கு வந்த நாள் வரைக்கும் போய்ப் பார்த்தபோது, அன்றிலிருந்து பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை அந்தப் பெயர் எங்கும் இல்லை. பதினேழாம் நாள், நாலு பத்துக்கு, இனியன் உள்ளே வந்திருந்தான்.

பாண்டீஸ்வரன் அந்த வரியை மறுபடி படித்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் மாமா, அவன் பேரை மெஷின்லருந்து எடுத்துருவோம்னு. ஆள் இல்லைன்னா எடுத்துறணும், அதுதான் மொறை. நீங்கதான் வேணாம்னீக."

சொன்னது உண்மைதான். ரேஷன் கார்டில் எடுத்தாகிவிட்டது, வாக்காளர் பட்டியலில் எடுத்தாகிவிட்டது, இதிலாவது என் மகன் பெயர் இருக்கட்டும் என்று அவர் வாயால்தான் சொன்னார்.

"அவன் சாவி எதுல இருக்கும்?"

"அவன் லேப்டாப்புலதான். அது யார்கிட்ட இருக்கு?"

அது மகாலட்சுமியின் பீரோவில், அவனுடைய சட்டையில் சுற்றி வைத்திருந்தது. பாண்டீஸ்வரனே போய் எடுத்து வந்தார். பேட்டரி உப்பி, அடிப்பக்கம் பிளந்திருந்தது. நசீம் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தான். "இது எந்திரிச்சு ஆறு மாசத்துக்கு மேல இருக்கும் மாமா."

மணி மூன்று ஐம்பது.

"அவன் பேரு ஒரு வரிதான். இப்பமே எடுத்துரவா?" என்றான் நசீம்.

"வேணாம். கோளாறை லைன்ல இருக்கும்போதே பிடிக்கணும். நாலு பத்து வரைக்கும் இரு."

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த அறை ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடம். வேலைக்கு வரும் பெண்கள் மூன்றரைக்கே போய்விடுவார்கள். சுவரின் மேல் மூலையில், தரம் பிரிப்பதைப் பார்க்க இனியன் வைத்த ஒரு சின்ன காமிரா இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தது. மகாலட்சுமி தலைவாரி, வேறு சேலை மாற்றிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். வெளிச்சம் விழுகிற இடத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். மாதக்கணக்காக அவள் சாயங்காலம் இப்படித்தான் உட்காருகிறாள். மகன் வேலை பார்த்த இடத்தில் உட்கார்ந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்போல என்று பாண்டீஸ்வரன் எண்ணியிருந்தார். அதைப் பற்றிக் கேட்டதில்லை.

நாலு பத்துக்குத் திரையில் புதிதாக ஒரு வரி வந்து நின்றது. இனியன். சாவி ஏற்கப்பட்டது.

கூடத்தில் காமிராவின் நீல விளக்கு எரிந்தது.

மகாலட்சுமி முகத்தை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு சேலையைக் கணுக்கால் வரை தூக்கி, வலது பாதத்தை முன்னால் நீட்டி, சர்க்கரையால் ஆறாமல் இருந்த புண்ணைக் காட்டினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாள். சத்தம் போகாத காமிரா அது. உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னாள்.

பாண்டீஸ்வரன் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். செத்த பிள்ளைக்குக் காலைக் காட்டுகிறாள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, இல்லை அவன் உண்மையிலேயே அந்த விளக்குக்குப் பின்னால் இருக்கிறானா? ஒரு கணம் இரண்டாவது எண்ணத்தை அவர் நம்பினார். நம்ப வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

"மாமா," என்றான் நசீம் மெதுவாக. "இது லேப்டாப் சாவி இல்ல. அவன் பேருக்குக் கீழ ரெண்டு சாவி இருக்கு. வந்திருக்குறது ரெண்டாவது. இதை வச்சு உள்ள நடமாட முடியாது. வேற எதையும் தொட முடியாது. கூடத்துக் காமிராவை மட்டும் பாக்கலாம். ஜன்னல்ல நின்னு பாத்துட்டுப் போற மாதிரி, அம்புட்டுத்தான். இனியன் அப்படி இறுக்கி வச்சிருக்கான்."

"யாருக்குக் குடுத்த சாவி?"

சாவியின் கடைசியில், அது எந்த மெஷினில் உருவானது என்பதற்கு ஒரு பெயர் ஒட்டியிருக்கும். நசீம் அதைச் சுட்டிக்காட்டினான்.

மாரி, கோம்பை.

பாண்டீஸ்வரனின் மகள், இனியனுக்கு மூத்தவள் மாரீஸ்வரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனோடு போய் உத்தமபாளையத்தில் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்த வாரமே பங்காளிகள் நாற்பது பேரும் சுருளி அருவிக்குப் போய், அவளுக்குத் தலை முழுகினார்கள். இறந்தவர்களுக்குச் செய்வதை உயிரோடு இருப்பவளுக்குச் செய்தார்கள். முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்கியவர் பாண்டீஸ்வரன். அன்றிலிருந்து அவள் பெயரை அவர் சொன்னதில்லை. மற்றவர்களையும் சொல்ல விட்டதில்லை. தம்பி செத்த அன்று அவள் கோம்பையிலிருந்து பஸ் ஏறி வந்து, எதிர்வரிசையில் ரேஷன் கடை ஓரமாக நின்றாள். செத்தவள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னவரும் அவர்தான். பாடை தெருமுனையைத் தாண்டும் வரை நின்றுவிட்டுப் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

நாலு இருபத்திரண்டுக்கு நீல விளக்கு அணைந்தது. அவர் கூடத்துக்குள் போனார்.

"எத்தனை நாளா நடக்குது?"

மகாலட்சுமி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு வருசமா. இனியன் இருக்கும்போதே."

"என் வீட்டுக்குள்ள, எனக்குத் தெரியாம."

"வீட்டுக்குள்ள எங்க வந்தா? கோம்பையில இருந்து என் மூஞ்சியப் பாக்குறா. நான் அவ மூஞ்சியப் பாக்கக்கூட முடியாது. வெளக்கைத்தான் பாக்குறேன்."

"செத்தவன் பேர்லயா வருவா? அவனுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "உசிரோட இருக்கிறவளுக்கு நீங்க தலை முழுகுனீக. அவ வேற எந்தப் பேர்ல வருவா?"

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படி எதிர்த்துப் பேசியதில்லை. வேறு பேச்சாக இருந்தால் அவர் நின்று பதில் சொல்லியிருப்பார். திரும்பி வந்து நசீமிடம், "எடு," என்றார்.

"மாமா, ஒருக்கா யோசிச்சு..."

"அவன் பேரை வச்சு யாரும் வரக்கூடாது. எடு."

நசீம் செய்தான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அழிக்கல மாமா. வாயைக் கட்டி மட்டும் வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

மறுநாள் மூன்றே முக்காலுக்கே பாண்டீஸ்வரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பதிவை எப்படித் திறப்பது என்று நசீமின் கையைப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தார். கூடத்தில் மகாலட்சுமி வழக்கம்போலத் தலைவாரிச் சேலை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

நாலு பத்து. இனியன். மறுக்கப்பட்டது.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார். அதற்குள் அடுத்த வரி. இனியன். மறுக்கப்பட்டது. ஒரு நிமிஷம் விட்டு இன்னொன்று. அப்புறம் இரண்டு நிமிஷம் எதுவும் இல்லை. அப்புறம் மூன்று வரிகள் அடுத்தடுத்து வந்தன. வருவது மகள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எழுத்தில் இருந்தது மகன் பெயர். மழையில் வந்து சொந்த வீட்டு வாசலில் நின்று தட்டுகிறான். உள்ளே உட்கார்ந்துகொண்டு தகப்பன் திறக்கவில்லை. ஒவ்வொரு வரி வரும்போதும் இதுதான் கடைசி என்று நினைத்தார். ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் அவன் மூச்சை இப்படித்தான் எண்ணினார்.

பத்தொன்பது தடவை வந்தது. நாலு முப்பத்தொன்றுக்கு நின்றது.

மகாலட்சுமி எரியாத விளக்கைப் பார்த்தபடியே ஐந்து மணி வரை இருந்தாள். பிறகு முக்காலியை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்கும் முன்னாலேயே நசீமை வரச் சொன்னார்.

"புதுசா ஒரு ஆளைச் சேக்கணும். அந்த ரெண்டாவது சாவிய அதுக்கு மாத்திரு. அதே காமிரா, அதே இறுக்கம். இனியன் பேரை மூடிரு."

நசீம் தலையாட்டினான். விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு, "என்ன பேர் மாமா?" என்றான்.

பாண்டீஸ்வரன் வாயைத் திறந்தார். வரவில்லை. நசீம் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான். அவர் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். இங்கிலீஷில் ஒன்பது எழுத்து. தட்டி முடித்து, ஒரு தடவை சரிபார்த்து, எழுந்துகொண்டார்.

"அக்காகிட்டச் சொல்லணும் மாமா. அவுக மெஷின்லயும் பேரை மாத்துனாத்தான் வர முடியும். நான் போன் போட்டுச் சொல்லிறவா?"

"வேணாம். என் வீட்டுச் சேதிய நான்தான் சொல்லணும்."

மகளின் போன் எண்ணை மகாலட்சுமி மனப்பாடமாக வைத்திருந்தாள். பாண்டீஸ்வரன் நின்றுகொண்டே பேசினார்.

"யாரு?" என்றது மறுபக்கம்.

"நான்தான். கூடலூர்ல இருந்து."

மிக்சி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"நேத்து உள்ள வர முடியலேல்ல."

"ஆமாப்பா. அம்மாவுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு... அம்மா நல்லா இருக்காகளா?"

"இருக்கா. கால் ஆறிக்கிட்டு வருது. இந்தா, கேட்டுக்க. இனிமே தம்பி பேர்ல வராத. அவன் பேரை மூடியாச்சு. சாவி அதேதான். ஒம் பேர்ல வா."

"எம் பேர் அங்கன இருக்காப்பா?"

"போட்டுருக்கு."

வாசலுக்கு வா என்று அவர் சொல்லவில்லை. அது பங்காளிகளைக் கூட்டி வைத்துப் பேசிய பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை. நாற்பது பேர் முழுகிய தண்ணீர், அவர் ஒருவராக அதைத் திருப்பிவிட முடியாது. போனை மகாலட்சுமியிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலம் மூன்றே முக்காலுக்குத் திரும்பவும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். ஸ்டோர் நாற்பத்தேழு டிகிரி காட்டியது. மலையில் மழை விட்டிருந்தது. மகாலட்சுமி மாம்பழக் கலர் சேலையில் வந்து உட்கார்ந்தாள்.

நாலு பத்து. மாரீஸ்வரி. சாவி ஏற்கப்பட்டது.

நீல விளக்கு எரிந்தது. மகாலட்சுமி காலைக் காட்டினாள், கழுத்தைத் திருப்பித் தோட்டைக் காட்டினாள், ஒரு கைப்பிடி ஏலக்காயை அள்ளி விளக்கின் பக்கம் நீட்டினாள். அவள் சிரிப்பது இந்த அறை வரை கேட்டது. பாண்டீஸ்வரன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு இருபத்திரண்டுக்கு மாரீஸ்வரி வெளியேறினாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. பதிவை மேலே தள்ளினார். இனியன் பெயரில் கடைசியாக இருந்தது நேற்றைய நாலு முப்பத்தொன்று. மறுக்கப்பட்டது. ஒன்பது மாதமாக, அவருக்கே தெரியாமல், அவன் தினமும் ஒரு தடவை இந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறான். அந்தப் பத்தொன்பது வரிகளையும் அழித்துவிட நசீமிடம் சொல்லலாம். சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அழித்தால் அவன் வந்து தட்டினான் என்பதே இல்லாமல் போய்விடும்.

திரையைக் கீழே இறக்கி, வெறும் வரி இருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கூடத்தில் விளக்கு அணைந்து வெகு நேரம் ஆகியிருந்தது. ஐந்து மணி ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று.

இனியன் வரவில்லை.